கராத்தே: கோப்பைக்கா, தற்காப்புக்கா?

சனிக்கிழமை மாலையில் பூச்சோங் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலும், கோயில் மண்டபங்களிலும், பள்ளித் திடல்களிலும் வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்று, கையை வீசிக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி அப்பாமார் காத்திருப்பார்கள். சுவரோரமாகத் தண்ணீர்ப் போத்தலுக்கும் செருப்புக்கும் அம்மாமார் காவல் இருப்பார்கள். கராத்தே இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டாகிவிட்டது. பல வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு மூன்று கோப்பைகளும் வந்துவிட்டன.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனாலும் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பையன் பதக்கம் வாங்கிட்டு வர்றான். ஆனா வழியில ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுத்தா, விடுவிச்சுக்கிட்டு ஓடி வரத் தெரியுமா?"

நான் கராத்தே மாஸ்டர் அல்ல. தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவள். புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியராக இருந்து, பல ஆண்டுகள் கராத்தே வகுப்பின் ஓரத்தில் நின்று கவனித்தவள். அந்தத் தாய்மார் கேட்கும் கேள்வி கராத்தேயைக் குறை சொல்லும் கேள்வி அன்று. கராத்தே எந்தக் காரியத்துக்காகப் பிறந்ததோ, அதைப் பற்றிய கேள்வியே அது. பழைய கராத்தேக்குள் அதற்கான பதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தோட்டம் போனது, பட்டணம் வந்தது

பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்திருந்த இடம். காசல்பீல்டு, கின்ராரா போன்ற பெயர்களை நம் மூத்தவர்கள் இன்றும் தோட்டப் பெயர்களாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். பால்மரங்கள் நின்ற நிலத்தில் இப்போது கடைவீடுகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. 1999-ல் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது. 2016-ல் எல்.ஆர்.டி. இரயிலும் வந்து சேர்ந்தது. தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் காண்கிறோம்.

லயத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதால் பத்து வீட்டுக் கதவுகள் திறக்கும். யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பக்கம் போகிறது என்பது கங்காணி முதல் கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். அடுக்குமாடியில் அப்படியல்ல. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே ஐந்து வருடம் வாழ்ந்துவிடலாம். அம்மா விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறாள். பிள்ளை தனியாக லிப்டில் இறங்கி, கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து, மேம்பாலம் ஏறிப் பள்ளிக்குப் போகிறது. இன்னமும் செம்பனைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஆள் நடமாட்டமற்ற தோட்டச் சாலையில் பள்ளிப் பேருந்துக்கு நடக்கும் பெண்பிள்ளையை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார் எத்தனையோ பேர்.

இந்தக் கவலைதான் நம்மவர்களைக் கராத்தே வகுப்பு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே காசு கொடுத்து நாம் வாங்குவது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு முதியவர் எழுதிய கடிதம்

கராத்தே பிறந்த இடம் ஒக்கினாவா என்னும் தீவுக்கூட்டம். இன்று அது ஜப்பானின் தென்கோடி மாவட்டம். முன்பு ரியுக்யு என்ற தனி அரசாக இருந்தது. சீனத்துடன் அந்த அரசு நெடுங்காலம் வாணிபம் செய்துவந்தது. அந்தத் தீவாரின் அடிமுறையும் சீனத்து அடிமுறைகளும் கலந்து வளர்ந்த கலையே கராத்தே. முதலில் அந்தச் சொல்லைச் 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துகளால்தான் எழுதினார்கள். 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்து பின்னரே பரவியது. 1936-ல் நாஹா நகரில் கூடிய ஒக்கினாவா ஆசான்கள் அந்தப் புதிய எழுத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கலையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இத்தோசு அன்கோ. 1831-ல் பிறந்து 1915-ல் மறைந்தவர். 1900-களின் தொடக்கத்தில் ஒக்கினாவாப் பள்ளிகளில் மாணவர்களுக்குக் கராத்தே கற்பிக்கத் தொடங்கினார். அதற்காக ஐந்து பயிற்சி வரிசைகளையும் அமைத்துக் கொடுத்தார். 1908-ல் கராத்தேயைப் பற்றிப் பத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு கடிதத்தைக் கல்வி அதிகாரிகளுக்காக எழுதினார்.

அந்தக் கடிதத்தின் கருத்து நம் பெற்றோருக்கு மிகவும் தேவையானது. கராத்தே உடல்நலத்துக்கு மட்டும் உரியதன்று என்கிறார் அவர். பெற்றோரையும் தன்னை நம்பியவர்களையும் காக்க அது உதவ வேண்டுமாம். இருவர் எதிரெதிரே நின்று போட்டியிடுவதற்காக ஏற்பட்டதும் அன்றாம். எதிர்பாராமல் ஒரு போக்கிரி குறுக்கிட்டால், அடிபடாமல் தப்பிப்பதற்கே அது உதவ வேண்டுமாம். ஒவ்வோர் அசைவும் எதற்காக, எப்போது பயன்படும் என்று தெரிந்தே பழக வேண்டும் என்றும் சொல்கிறார்.

இத்தோசுவின் மாணவர்களுள் ஒருவர் புனாகோஷி கிச்சின். 1868-ல் பிறந்த இவர் தொழிலால் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1922-ல் தோக்கியோவுக்குச் சென்று கராத்தேயை மேடையில் செய்து காட்டினார். பிறகு அங்கேயே தங்கிப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார். ஜப்பான் முழுவதும் கராத்தே பரவியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. 1957-ல் இவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அனைத்து ஜப்பான் போட்டியும் நடந்தது. 1970-ல் முதல் உலகப் போட்டி தோக்கியோவில் நடைபெற்றது. 2020-க்குரிய தோக்கியோ ஒலிம்பிக், பெருந்தொற்றினால் 2021-ல் நடந்தபோது கராத்தேயும் அதில் இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வந்த கதை

மலேசியக் கராத்தே என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் சியூ சூ சூட். 1922-ல் பிறந்த இவர் இளமையில் எடை தூக்கும் வீரர். ஜப்பானியர் ஆட்சியின்போது ஒரு ஜப்பானிய அதிகாரியிடம் கராத்தே கற்றதாக அவர் வரலாறு கூறுகிறது. 1966-ல் பெட்டாலிங் ஜெயாவில் புடோக்கான் என்ற பெயரில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அது நாடு முழுவதும் பரவி, ஆஸ்திரேலியா முதலிய வெளிநாடுகளுக்கும் சென்றது. 1997-ல் அவர் காலமானார். பூச்சோங்கிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஊரில் போட்ட விதை அது என்று சொல்லலாம்.

நம்மவர்கள் இந்தக் கலையில் பின்தங்கிவிடவில்லை. புவனேஸ்வரன் ராமசாமி, பிரேம்குமார் செல்வம், சர்மேந்திரன் ரகுநாதன், ஷாமளாராணி சந்திரன் என்று நாட்டுக்காகக் களம் இறங்கிய தமிழ்ப் பெயர்கள் பல. இவர்களைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகளும் வெள்ளுடை கேட்கிறார்கள். போட்டிக் கராத்தே கட்டொழுங்கைத் தருகிறது. தோல்வியைத் தாங்கும் மனத்தையும் தருகிறது. அதை யாரும் இகழ வேண்டாம்.

ஆனால் போட்டிக் களத்தையும் தெருவையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. போட்டியில் எதிரில் நிற்பவர் உங்கள் பிள்ளையின் எடைப்பிரிவைச் சேர்ந்தவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். கைக்குத்துக்கு 1 புள்ளி, உடலில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3 என்று கணக்கு உண்டு. நடுவர் நிறுத்து என்றால் இருவரும் நிற்க வேண்டும். தெருவிலோ, வருகிறவன் உங்கள் பிள்ளையைவிட இரண்டு மடங்கு எடை. அவன் இரண்டு கெஜம் தள்ளி நின்று குதிப்பதில்லை. நெருங்கி வந்து மணிக்கட்டைப் பிடிப்பான், சட்டையையோ முடியையோ பற்றுவான், தள்ளுவான். அங்கே நடுவர் கிடையாது. கோப்பை வாங்கிய பிள்ளை இதற்கெனத் தனியே பழகாவிட்டால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாத கதைதான்.

வரிசைக்குள் இருக்கும் பொருள்

கராத்தே வகுப்பில் பிள்ளைகள் தனியாக நின்று, திரும்பித் திரும்பிச் செய்யும் அசைவுக் கோவைக்குக் 'கத்தா' என்று பெயர். நம்மவர்களுக்கு இது புதிதன்று. சிலம்பம் பழகிய குடும்பங்களில் அடிவரிசை, குத்துவரிசை, பிடிவரிசை என்று சொல்வார்கள். ஆசான் முதலில் வரிசையைத் தனியாகச் செய்யச் சொல்வார். பிறகு எதிரில் ஒருவனை நிறுத்தி, "இந்த அடி இதற்குத்தான்" என்று பிரித்துக் காட்டுவார். கத்தாவும் அப்படிப்பட்ட வரிசைதான். அதைப் பிரித்துப் பொருள் காட்டுவதை ஜப்பானியர் 'புங்கை' என்பர்.

பள்ளிக்குள் வந்தபோது கராத்தேக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. ஐம்பது, அறுபது மாணவர்களை வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சிபோல் சொல்லிக் கொடுக்கும்போது, ஆளுக்கு ஆள் பிடித்துப் பார்த்துப் பொருள் விளக்க முடியாது. சிறுவர்களுக்கு ஆபத்தான அடிகளை விளக்காமல் விடுவதும் நியாயமே. அசைவு நிலைத்தது, பொருள் பலரிடம் மங்கிப் போனது. பிற்காலத்தில் கத்தாவும் போட்டியாகியது. அழகும் வேகமும் மதிப்பெண் பெற்றன. இந்த அசைவு எதற்கு என்று கேட்கும் வழக்கம் குறைந்தது.

மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். உங்கள் பிள்ளை கராத்தே பழகினால், இன்றே வீட்டில் செய்துகாட்டச் சொல்லலாம்.

முதலாவது, மணிக்கட்டுப் பிடி. இத்தோசு அமைத்த ஐந்து வரிசைகளை புனாகோஷி 'ஹெய்யான்' என்று பெயர் மாற்றினார். அவருடைய முறையில் தொடக்க மாணவர் கற்கும் முதல் ஹெய்யானில் ஓர் இடம் வரும். வலக்கையைக் கீழ்நோக்கி வீசி நின்ற மாணவர், முன்காலைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பார். அந்தக் கையை வட்டமாகச் சுழற்றி மேலே கொண்டுவந்து, முஷ்டியின் சுண்டுவிரல் பக்கத்தால் மேலிருந்து கீழாக அடிப்பார். தனியாகச் செய்யும்போது வீண் அலங்காரம்போல் தோன்றும். எதிரில் ஒருவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் உடனே விளங்கும். கால் பின்னே போகும்போது உடல் எடை முழுவதும் இழுக்கிறது. கை சுழலும்போது, பிடித்தவனின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவேயுள்ள சந்து திறக்கிறது. எந்தப் பிடிக்கும் பலவீனமான இடம் அந்தச் சந்துதான். பிடியில்லாத பக்கமாகக் கை நழுவி வெளியே வருகிறது. அடுத்து விழும் அடி, பிடித்தவன் மறுபடி நெருங்காமல் இருப்பதற்கு.

இரண்டாவது, இடுப்புக்கு இழுக்கும் கை. ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு வர வேண்டும் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், "அழகுக்காக" என்றோ "வேகத்துக்காக" என்றோ பதில் வரும். அந்தக் கை வெறுமனே வருவதில்லை. எதிராளியின் கையையோ சட்டையையோ பற்றி இழுத்துக்கொண்டு வருகிறது. இழுபட்டவன் நிலை தடுமாறுகிறான். பற்றிய கையால் அவன் எங்கே நிற்கிறான் என்பதும் தெரிகிறது. பால்வாளி தூக்கியும் மூட்டை இழுத்தும் பழகிய நம் பாட்டன்மாருக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும் விஷயம் இது.

மூன்றாவது, திரும்பும் திசை. கத்தாவில் மாணவர் இடமும் வலமும் பின்னும் திரும்புவார். நாலு திசையிலிருந்தும் நாலு பேர் தாக்க வருவதாகப் பலர் விளக்குவார்கள். போலீஸ்காரராக இருந்து கராத்தே ஆசானாகிய மபுனி கென்வா இதை மறுத்து எழுதினார். திசை மாறுவது புது எதிரிக்காக அன்று. பிடித்திருக்கும் ஒருவனுக்கே நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் விலகி நிற்பதற்காக. நேருக்கு நேர் நின்றால் எடை மிகுந்தவன் ஜெயிப்பான். விலகி நின்றால் அவன் எடை அவனுக்கே பாரமாகும். மெலிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன?

எப்படிப் பழக வேண்டும்?

பொருள் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா? பிடித்து, இழுத்து, முரண்டு பண்ணும் ஒருவனிடம் பழகினால்தான் வேலைக்கு ஆகும். நல்ல மாஸ்டர்கள் அதைப் படிப்படியாகச் செய்கிறார்கள்.

முதல் படியில், துணை மாணவர் மெதுவாகப் பிடிக்கிறார். பிள்ளை வழியைக் கற்கிறது. இரண்டாம் படியில், பிடி உண்மையாக இறுகுகிறது. மூன்றாம் படியில், எந்தக் கை, எப்போது என்று சொல்லாமல் பிடிக்கிறார். இழுக்கவும் தள்ளவும் செய்கிறார். நான்காம் படியில், துணை மாணவர் அதட்டுகிறார், மிரட்டுகிறார். பிள்ளை வாய்திறந்து "விடு!" என்று கத்த வேண்டும். நம் பிள்ளைகள் தமிழில் மட்டும் கத்தினால் போதாது, "தோலோங்!" என்று மலாயிலும் கத்தப் பழக வேண்டும். சுற்றியிருப்பவர்கள் எல்லாருக்கும் விளங்க வேண்டுமல்லவா? பிடி விட்டதும் நின்று சண்டை போடக் கூடாது. மண்டப வாசல்வரை ஓட வேண்டும். வாசலில் நிற்கும் பெரியவரிடம் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

இந்தக் கடைசிப் பகுதி மிக முக்கியம். பயந்துபோன பிள்ளை வாயடைத்துப் போகும், ஓடவும் தோன்றாது. கத்துவதையும் ஓடுவதையும் சொல்வதையும் கூடப் பழக்கமாக்கினால்தான் அந்த நேரத்தில் தானாக வரும்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. போதும் என்பதற்கு அடையாளமாகக் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மூட்டைத் திருகும் பிடிகள் வேண்டாம். விழும்போது தலை அடிபடாமல் விழக் கற்பிக்க வேண்டும். தெருச் சண்டையைவிட வழுக்கி விழுவது நம் வாழ்வில் அதிகம் நடப்பதால், இந்த ஒரு பாடமே கொடுத்த கட்டணத்துக்கு ஈடு.

உடல் வலுவுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒக்கினாவாக்காரர்கள் கம்பின் நுனியில் கல்லைப் பொருத்திச் சுழற்றினார்கள். ஜாடியின் வாயை விரலால் பற்றித் தூக்கினார்கள். வைக்கோல் சுற்றிய பலகையைக் குத்தினார்கள். நம் ஊர்களில் கர்லாக்கட்டை சுழற்றியதும் இளவட்டக்கல் தூக்கியதும் இதே நோக்கத்துக்குத்தான். தோட்டத்தில் பழைய கார் டயர் ஒன்றை மரத்தில் கட்டினால் குத்திப் பழக அதுவே போதும்.

கைக்கு முன்னே கண், வாய், கால்

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை, எவ்வளவு கராத்தே கற்றாலும், வளர்ந்த ஆளை அடித்து வீழ்த்த முடியாது. வீழ்த்தலாம் என்று சொல்லிக் கொடுப்பது பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதாகும். கராத்தே தருவது நாலைந்து விநாடி அவகாசம். அதற்குள் ஓடிவிட வேண்டும்.

அதற்கும் முன்னே கண் வேலை செய்ய வேண்டும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கும் பிள்ளை, பின்னால் வருபவனைப் பார்க்காது. லிப்டுக்குள் சந்தேகப்படும்படி ஒருவர் இருந்தால், ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாலையில் நடக்கும்போது எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டக் கூடாது. மோட்டாரில் வந்து பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். பையை விடாமல் பிடித்து இழுபட்டு, தலை அடிபட்டு உயிர்விட்ட பெண்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். தாலிக்கொடியானாலும் அப்படித்தான், மனம் கேட்காது, ஆனால் உயிரைவிட எந்தப் பவுனும் பெரிதல்ல. கத்தியைக் காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிட்டு விலகுவதே கராத்தே.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்குத் தொல்லை தருபவர்களில் பெரும்பாலோர் அந்நியர் அல்லர், பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. மாமா என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்படுபவர்களாக இருக்கலாம். அங்கே குத்தும் உதையும் உதவாது. "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லும் துணிவும், நடந்ததை அம்மாவிடம் சொல்லும் துணிவுமே உதவும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த நாமே, எப்போது எதிர்த்துப் பேச வேண்டும் என்பதையும் கற்றுத்தர வேண்டும். பிள்ளை வந்து சொன்னால், "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள்.

2017-ல் வந்த பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தைத் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றமாகும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து பாதுகாப்புப் பெற 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அவசரத்துக்கு 999. பெண்களும் பிள்ளைகளும் உதவி கேட்க 'தாலியான் காசே' எண் 15999. இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"அடித்தால் நம் பிள்ளையைத்தானே போலீஸ் பிடிக்கும்?" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள், தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றன. ஆனால் 99-ஆம் பிரிவு எல்லையும் போடுகிறது. தற்காப்புக்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போதும் இந்த உரிமை இல்லை.

எளிதாகச் சொன்னால், பிடியிலிருந்து விடுபட ஓர் அடி அடிப்பது தற்காப்பு. விழுந்தவனைத் துரத்திப்போய் உதைப்பது குற்றம். நாளைக்கு ஆளைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பழி வாங்குவதும் குற்றமே. கும்பல், குண்டர் என்று நம் இளைஞர்கள் சிலர் வழிதவறிப் போகும் இந்நாளில், கராத்தே மாஸ்டர் இந்த எல்லைக்கோட்டை வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பது குத்தைக் கற்பிப்பதைவிட அவசியம். கராத்தே தெரிந்தவன் முதலில் கை ஓங்கக் கூடாது என்பதே புனாகோஷி வற்புறுத்திய நெறியும் ஆகும்.

வகுப்பில் சேர்க்குமுன் கேளுங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு நாள் வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். பிறகு மாஸ்டரிடம் மரியாதையாகச் சில கேள்விகள் கேளுங்கள்.

சங்கம் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றதா? பட்டைத் தேர்வுக்கு எவ்வளவு கட்டணம், ஆண்டுக்கு எத்தனை தேர்வு? மாதச் சந்தா குறைவாக இருந்து, தேர்வுக் கட்டணம் சம்பளத்தில் கைவைப்பதாக இருந்தால் முன்பே தெரிய வேண்டும். பிள்ளைகள் இருவர் இருவராகப் பிடித்துப் பழகுகிறார்களா, வரிசையில் நின்று காற்றைக் குத்துவதோடு சரியா? கத்தாவில் ஓர் அசைவைக் காட்டி, "இது எதற்கு மாஸ்டர்?" என்று கேட்டால் எதிரில் ஒருவரை நிறுத்திச் செய்து காட்டுகிறாரா? ஓடுவதையும் சொல்வதையும் கற்றுக் கொடுக்கிறாரா? பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும்போது பெண் துணையாசிரியரோ தாய்மாரோ உடன் இருக்கிறார்களா?

விவரம் தெரிந்த மாஸ்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்; கேட்பதற்கு ஒருவர் வந்தாரே என்று மகிழ்வார்.

சிலம்பமோ, சீலாட்டோ, தேக்குவாண்டோவோ எதுவானாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும். கலையின் பெயரைவிடப் பழகும் முறைதான் பெரிது.

பள்ளிகளில் கராத்தே வகுப்பு நடத்தும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. மாதத்தில் நான்கு வகுப்பு நடந்தால், மூன்றைப் போட்டிக்கும் பட்டைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் இதற்கு ஒதுக்கித் தரும்படி மாஸ்டரைக் கேளுங்கள். அந்த ஒரு வகுப்புக்குத் தாய்மாரும் வரட்டும். தொழிற்சாலை பஸ்ஸுக்கு இருட்டில் நடக்கும் அம்மாவுக்கும் மணிக்கட்டு ஒன்றுதானே?

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். விடுவித்துக்கொண்டு வாசல் வரை ஓடினால் தட்டிக் கொடுங்கள். முடியாவிட்டால் திட்ட வேண்டாம். மேலே சொன்ன முதல் எடுத்துக்காட்டைச் சேர்ந்து பத்து முறை செய்யுங்கள். நாளைக்கும் பத்து முறை செய்யுங்கள்.